பாத உறைக்கு வந்த சர்க்கரை வியாதி

யோகா என்றால் கையையும் காலையும் நீட்டி மடக்குவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? பாவம் நீங்கள். ஆயுர்வேதம் என்றால் கஷாயம், லேகியம், எண்ணெய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? அதைவிடப் பாவம். அதெல்லாம் வெறும் இலை. வேர் வேறு இடத்தில் இருக்கிறது. சொன்னால் நம்பமாட்டீர்கள், அது எங்கள் தெருமுனை வணிக வளாகத்தின் அடித்தளத்தில், வண்டிகள் நிறுத்தும் இடத்தில் இருந்தது.

வாசலில் 'ஆழ்மரபு நிலையம்' என்று பலகை. மரபின் வேர் ஆழமானது என்பதால் தரைக்குக் கீழே வைத்திருக்கிறோம் என்றார்கள் சீடர்கள். மேல் மாடியைவிட வாடகை குறைவு என்றார் வளாகத்துக் காவலாளி. காவலாளிக்கு ஞானம் போதாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கார்கள் இறங்கும் சரிவில் மனிதர்கள் வரிசையாக இறங்குவார்கள். தரையில் மஞ்சள் கோடு போட்ட கட்டங்கள் அப்படியே இருந்தன. ஒரு கார் நிற்கும் கட்டத்தில் ஒரு குடும்பம் உட்காரும். சுவரில் 'எஞ்சினை அணைக்கவும்' என்று எழுதியிருந்ததை யாரும் அழிக்கவில்லை. அதற்கு நேர் கீழே உட்கார்ந்து பொறியாளரும் கல்லூரி ஆசிரியரும் தணிக்கையாளரும் மூளையை அணைத்துக்கொண்டு மூச்சை இழுப்பார்கள்.

குருஜியிடம் வயதைக் கேட்டால், "எந்த உடம்போட வயசு?" என்று திருப்பிக் கேட்பார். முன்பு என்ன தொழில் செய்தீர்கள் என்றால், "எந்தப் பிறவியில?" என்பார். இப்படிப் பதில் சொல்லத் தெரிந்த மனிதரை யாரால் மடக்க முடியும்? வெள்ளை உடை, பாதி மூடிய கண், தூங்கப்போகிறவரின் குரல். பக்கத்தில் ஒரு வெல்வெட் மெத்தை. அதில் அவர் உட்காரவில்லை. அவருடைய மரச்செருப்பு உட்கார்ந்திருந்தது.

"எந்த நச்சும் தீண்டாத பாதுகை" என்று ஒவ்வொரு வாரமும் அறிமுகப்படுத்துவார் மைக் அம்மாள். அவருக்கு வேறு பெயர் இருந்திருக்கலாம். மைக் கையில் இல்லாமல் அவரைப் பார்த்தவர் யாரும் இல்லாததால் எங்களுக்குத் தெரியவில்லை.

சிகிச்சையின் பெயர் பாத மோட்சம். முதலில் மூச்சுப் பயிற்சி. பிறகு ஒவ்வொருவராக மேடைக்குப் போகவேண்டும். ஆணுக்கு வலது கால், பெண்ணுக்கு இடது கால். வெள்ளைத் துணியில் தைத்த பாத உறை ஒன்றைக் கூடையிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். அதை மாட்டிக்கொண்டு, வெளிர்மஞ்சள் நிற மூலிகைத் தண்ணீர் நிறைத்து வரிசையாக வைத்த வெள்ளைத் தொட்டிகளில் ஒன்றில் காலை வைக்கவேண்டும். வைத்த மாத்திரத்தில் தண்ணீர் கன்னங்கரேலென்று கறுக்கும். உடம்பில் உள்ள நச்சு அத்தனையும் பாதம் வழியாக இறங்குகிறதாம். பார்க்கிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். காலை வைத்தவருக்கோ ஒரே பெருமை. "என்னோடது எவ்வளவு கறுப்பு பாருங்க" என்று பக்கத்துக் கட்டத்தாரிடம் காட்டுவார்.

வாரக்கணக்கில் வந்து, சமர்ப்பணம் என்ற பெயரில் வேண்டியதைக் கொடுத்துக்கொண்டே இருந்தால், ஒருநாள் குருஜி பாதிக்கண்ணால் பார்த்து "நிறைவு" என்பார். அன்றைக்குப் பச்சைக் கூடையிலிருந்து உறை வரும். மற்றவர்களுக்குச் சிவப்புக் கூடை. பச்சைக் கூடைக்காரர் காலை வைத்தால் தண்ணீர் மஞ்சளாகவே நிற்கும். நோய் போய்விட்டது என்று பொருள்.

இதில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. யாரும் யாருடைய பாதத்தையும் தொடக்கூடாது, நச்சு தாவிவிடும். அவரவர் உறையை அவரவரே ஒரு திரைக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்ள வேண்டும். ஊரார் காலைப் பிடித்துக்கொண்டு உட்காரச் சீடர்களுக்கு மனமில்லை என்பதுதான் உள்விவகாரம். அந்த விதியை மட்டும் போடாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் குருஜியின் கொடி பறந்துகொண்டிருக்கும்.

அதை இறக்கியவர்கள் ஓர் அண்ணனும் தங்கையும்.

தங்கை வங்கியில் துணை மேலாளர். கையெழுத்தில் ஒரு சுழி குறைந்தால் காசோலையைத் திருப்பி அனுப்பிவிடுவார். "நீங்கதான்னு எனக்குத் தெரியும் சார், ஆனா கையெழுத்துக்குத் தெரியலையே" என்று முகத்துக்கு நேரே சொல்கிற ஆள். அப்படிப்பட்டவர் ஒரு தொட்டித் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துத் தன் சர்க்கரை நோய் போய்விட்டது என்று நம்பினார். மூளையை வங்கியிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிறவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு.

அண்ணன் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வேறு ஊர்க்காரர். யாரைப் பார்த்தாலும் டிக்கெட் இல்லாதவரோ என்று ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பழக்கம் ஓய்வு பெறவில்லை. சனிக்கிழமை மாலை தங்கை வீட்டுக்கு வந்தவர், கூடத்தில் பையை வைத்ததும் முதலில் பார்த்தது தங்கையின் நடையைத்தான்.

"என்ன நடை இது? இடது குதிகால் தரையிலயே படமாட்டேங்குது."

"ஒண்ணுமில்ல அண்ணா. செருப்பு கடிச்சிடுச்சு."

"காட்டு."

"அதெல்லாம் வேணாம். காபி சாப்பிடு முதல்ல."

"டிக்கெட் இல்லாதவன்தான் என்னைப் பார்த்ததும் பாத்ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்குவான். நீ காலைப் புடவைக்குள்ள இழுத்துக்கிற. காட்டுன்னா காட்டு."

காட்டினார். குதிகாலில் ஒரு புண். சிறியதுதான். ஆனால் அதன் ஓரம் கறுத்திருந்தது. பரிசோதகர் குனிந்து அதையே பார்த்தார். அவருக்கும் சர்க்கரை. அவருடைய வலது காலில் ஒருகாலத்தில் இப்படித்தான் ஒரு சின்னப் புண் வந்தது. அது ஆறாமல் மேலே ஏற, முழங்காலுக்குக் கீழே காலையே எடுத்துவிட்டார்கள். இப்போது இருப்பது செயற்கைக் கால். பேன்ட் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. படியில் மட்டும் கொஞ்சம் யோசித்து ஏறுவார்.

"மாத்திரை ஒழுங்கா போடறியா?"

"எதுக்குப் போடணும்? எனக்குத்தான் சுகர் போயிடுச்சே."

"ரத்தம் குத்திப் பார்த்தியா?"

"குத்தக் கூடாது அண்ணா. ஊசி பட்டா இறங்கின நச்சு திரும்ப ஏறிடும்னு குருஜி சொல்லியிருக்காரு. தண்ணிதான் மஞ்சளாவே நின்னுதே, அது போதாதா?"

"உன் உடம்புல ஓடற ரத்தத்தை நீ கேக்கல. தொட்டியில இருந்த தண்ணியைக் கேட்டியாக்கும்."

"கிண்டல் பண்ணாத. ஆயிரக்கணக்கான வருஷத்து மரபு அது."

"மரபு இருக்கட்டும்மா. இந்தப் புண்ணு எத்தனை வருஷத்து மரபு?"

தங்கை காலை மறுபடியும் புடவைக்குள் இழுத்துக்கொண்டார். அவர் கணவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "நானும் சொல்லிப் பார்த்துட்டேன் மச்சான். நம்பிக்கை இல்லாதவங்க மூச்சுக்காத்து பட்டாலே புண்ணு ஆறாதாம். நான் இப்ப ஹால்லதான் படுக்கறேன்" என்றார்.

அடுத்த நாள் 'மாத்திரைத் துறவு' என்று ஒரு நிகழ்ச்சி. நிறைவு பெற்றவர்கள் தங்கள் மாத்திரையையும் ஊசியையும் எல்லோர் முன்னிலையிலும் குப்பைத் தொட்டியில் போட்டு, இனி மருத்துவர் வாசலை மிதிப்பதில்லை என்று சொல்லவேண்டும். முதல் ஆளாகத் தங்கையைத்தான் அழைக்கப் போகிறார்கள். வங்கி அதிகாரியே போட்டுவிட்டால் மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள் என்பது குருஜியின் கணக்கு.

பரிசோதகர் தன் வலது முழங்காலைத் தடவிக்கொண்டார். பிறகு, "நானும் வரேன். எனக்கும் சர்க்கரைதானே. அவர் என் காலையும் கொஞ்சம் பார்த்துடட்டும்" என்றார். தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் திருந்திவிட்டான் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் அடித்தளத்தில் நிற்க இடமில்லை. புதியவர்களை முதலில் அழைத்தார்கள். மைக் அம்மாள், "புதுசா வந்திருக்கிற ஐயா, ஆண்களுக்கு வலது பாதம்" என்று சிவப்புக் கூடையிலிருந்து ஓர் உறையை நீட்டினார். திரைவரைக்கும் துணைக்குப் போன தங்கைக்கு அப்போதுதான் பொறி தட்டியது.

"அண்ணா, வலது காலா? அது..."

"ஆமா, அதுதான்."

"வேணாம் அண்ணா. குருஜி கண்டுபிடிச்சிடுவாரு. ஆளு நடந்து வர்ற சத்தத்திலேயே நோயைச் சொல்லிடுவாரு அவரு. எல்லார் முன்னாடியும் அசிங்கமாயிடும்."

"கண்டுபிடிச்சார்னா நான் அவர் கால்ல விழறேன். என்கிட்ட இருக்கிற ஒத்தைக் காலோட வந்து இங்கயே சீடனா சேர்ந்துடறேன். போதுமா?"

தங்கை ஒரு நொடி யோசித்தார். அவருக்கு நம்பிக்கை இருந்தது. "சரி. கண்டிப்பா கண்டுபிடிப்பாரு பாரு" என்று சொல்லிவிட்டு, மாத்திரைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு தன் கட்டத்தில் போய் உட்கார்ந்தார்.

பரிசோதகர் பேன்ட்டை இம்மிகூடத் தூக்காமல் உறையை மாட்டிக்கொண்டு வந்து, குருஜிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, வலது காலைத் தொட்டியில் இறக்கினார். தண்ணீர் கறுத்தது. சாதாரணக் கறுப்பு இல்லை. கூட்டம் 'ஐயோ' என்றது.

குருஜி எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "கட்டைவிரல்ல நீர் கோத்திருக்கு. கணுக்கால்ல வாயு. நரம்பு எல்லாம் சுருண்டு கிடக்கு. இந்தக் கால்ல எவ்வளவு நாளா வலி?"

"வலியே இல்லீங்க குருஜி."

"உணர்ச்சி?"

"சுத்தமா இல்லீங்க. ஆணி குத்தினாக்கூடத் தெரியாது."

"பார்த்தீங்களா?" குருஜி கூட்டத்தைப் பார்த்தார். "நச்சு உணர்ச்சியையே தின்னுடுச்சு. இவர் இன்னும் கொஞ்ச நாள் கழிச்சு வந்திருந்தா இந்தக் காலையே இழந்திருப்பாரு."

"லேட்டாதான் வந்துட்டேன் போலிருக்கு" என்றார் பரிசோதகர்.

"கவலைப்படாதீங்க. இப்ப பாதத்துல இளஞ்சூடா ஏதாவது ஏறுதா?"

"நீங்க சொன்னா ஏறும் குருஜி."

"ஏறுது. எனக்குத் தெரியுது. ரத்தம் ஓட ஆரம்பிச்சிடுச்சு. இந்தக் கால் பிழைச்சிடுச்சு."

கூட்டம் கைதட்டியது. தங்கை கைதட்டவில்லை. அவருடைய முகத்தை அப்போது பார்த்திருக்கவேண்டும். கையெழுத்து சரியாக இருக்கிறது, ஆள்தான் செத்துப் பல வருடமாகிறது என்று தெரிந்த காசோலையைப் பார்க்கிற முகம் அது.

பரிசோதகர் நாற்காலியில் சாய்ந்து, பேன்ட்டை முழங்காலுக்கு மேலே சுருட்டினார். வாரை அவிழ்த்தார். காலைக் கழற்றி, உறையோடு, கறுப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட, குருஜியின் மடியில் வைத்தார்.

"பிழைச்சிடுச்சுன்னு சொன்னீங்களே. நீங்களே வெச்சுக்குங்க. தினமும் கொஞ்சம் நடக்க விடுங்க."

மைக் அம்மாளின் கையிலிருந்த மைக் தானாகக் கீழே இறங்கியது. கதை இங்கேயே முடிந்துவிட்டது என்று நினைக்கிறீர்கள் அல்லவா? பரிசோதகரும் அப்படித்தான் நினைத்தார். நம் ஆட்களைப் பற்றி அவருக்கும் முழுதாகத் தெரியவில்லை.

குருஜி பாதிக்கண்ணையும் மூடிக்கொண்டார். பிறகு மெல்லப் புன்னகை செய்தார். "தெரியும். நீங்க உள்ள வரும்போதே தெரியும். கால் போகலாம். சூட்சும பாதம் போகாது. நச்சு அந்தச் சூட்சும பாதத்துல இருந்துதான் இறங்கிச்சு. ஊன் கண்ணுக்கு அது தெரியாது."

கூட்டம் விட்ட பெருமூச்சில் ஒரு கல்யாணப் பந்தலே பறந்திருக்கும். "ஆகா" என்றார் கல்லூரி ஆசிரியர். "இதைத்தான் ஆழம்ங்கிறது" என்றார் பொறியாளர். "இல்லாத காலுக்கும் மோட்சம் கொடுத்த நம் குருஜி" என்று மைக் அம்மாள் தொடங்கியேவிட்டார். ஒற்றைக் காலோடு நாற்காலியில் இருந்த பரிசோதகர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் பணிக்காலத்தில் எத்தனையோ சாக்குகளைக் கேட்டவர். டிக்கெட் சூட்சும ரூபத்தில் இருக்கிறது என்று மட்டும் யாரும் சொன்னதில்லை.

அப்போது மாத்திரைப் பையோடு தங்கை எழுந்து வந்தார். துறவுக்குத்தான் வருகிறார் என்று மைக் அம்மாள் குப்பைத் தொட்டியை நகர்த்தி வைத்தார். தங்கை அதைத் தாண்டி, கூடைகளுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"குருஜி, ஒரு சந்தேகம்."

"சந்தேகம் வந்தா ஆழத்துக்குப் போக முடியாதும்மா."

"ஆபீஸ் பழக்கம் குருஜி. ஒரு தடவை சரிபார்த்துட்டுப் போட்டுடறேன். உங்க பாதுகையை நச்சு தீண்டாதுன்னு சொல்றீங்க இல்லையா?"

"தீண்டவே தீண்டாது."

தங்கை மெத்தையிலிருந்து மரச்செருப்பை எடுத்தார். சிவப்புக் கூடையிலிருந்து ஓர் உறையை எடுத்து அதற்கு மாட்டினார். புதிய தண்ணீர் இருந்த தொட்டியில் முக்கினார். கறுத்தது.

"சாமி செருப்புக்கே சுகரா?" என்று பின் கட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

குருஜி விடவில்லை. "பக்தர்கள் தொட்டுத் தொட்டு வணங்கினாங்க இல்லையா? உங்க எல்லாருடைய நச்சையும் அது சுமக்குது."

"சரி குருஜி" என்றார் தங்கை. குரல் உயரவே இல்லை. கையெழுத்து பொருந்தவில்லை என்று வாடிக்கையாளரிடம் சொல்கிற அதே குரல். சிவப்புக் கூடையிலிருந்து ஓர் உறை, பச்சைக் கூடையிலிருந்து ஓர் உறை, இரண்டையும் எடுத்தார். உள்ளே ஒன்றும் இல்லை என்று உதறிக் காட்டினார். சிவப்புக் கூடை உறையை ஒரு தொட்டியில் போட்டார். பச்சைக் கூடை உறையை இன்னொரு தொட்டியில் போட்டார்.

முதல் தொட்டி மை மாதிரி கறுத்தது. இரண்டாவது தொட்டி மஞ்சளாகவே இருந்தது.

"இதுக்குள்ள காலும் இல்ல, செருப்பும் இல்ல. இது யாரோட வியாதி குருஜி?"

குருஜி வாயைத் திறந்தார். எந்தப் பிறவியிலிருந்தும் பதில் வரவில்லை.

தங்கை கூட்டத்தின் பக்கம் திரும்பினார். இப்போது குரல் நடுங்கியது. "எனக்குச் சுகர் போகலீங்க. கூடைதான் மாறியிருக்கு. அதை நம்பி மாத்திரையை நிறுத்திட்டேன். குதிகால்ல புண்ணோட நிக்கறேன். எங்க அண்ணனுக்குக் கால் போனதும் இப்படி ஒரு புண்ணாலதான். வேரு வேருன்னு சொன்னாங்க. தோண்டிப் பார்க்கணும்னு எனக்குத் தோணவே இல்ல."

விஷயம் இவ்வளவுதான். கடுக்காய் ஊறிய தண்ணீரில் அன்னபேதி என்கிற இரும்பு உப்புப் பட்டால் மை போலக் கறுக்கும். முன்னோர்கள் எழுதும் மையையே அப்படித்தான் காய்ச்சினார்கள். தொட்டியில் கடுக்காய்த் தண்ணீர், சிவப்புக் கூடை உறையின் மடிப்பில் அன்னபேதித் தூள், பச்சைக் கூடை உறையில் ஒன்றுமில்லை. அந்த அடித்தளத்தில் இருந்த ஒரே உண்மையான மரபு அந்தக் கறுப்புத்தான். அந்தக் காலத்தில் கடுக்காயைக் கண்டவர் அரைத்துப் பார்த்தார், கொடுத்துப் பார்த்தார், கேட்கவில்லை என்றால் தூக்கிப் போட்டார். இந்தக் காலத்தில் கும்பிட்டு மட்டும் பார்க்கிறோம்.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. குருஜி எழுந்து நின்று இரண்டு கைகளையும் உயர்த்தினார். "எல்லாரும் கண்ணை மூடுங்க. மூச்சை ஆழமா உள்ள இழுங்க. நான் சொல்ற வரைக்கும் திறக்கக் கூடாது."

நம்பினால் நம்புங்கள். முக்கால்வாசிப் பேர் மூடினார்கள்.

"அடப்பாவிங்களா, திறங்கடா கண்ணை" என்று பரிசோதகர் கத்தினார். "ஆளு ஓடறான். பிடிங்க. என் காலும் அவன் மடியிலதான் இருந்துச்சு."

கால் கீழே கிடந்தது. குருஜிதான் இல்லை. செருப்பு தொட்டியில் ஊறிக்கொண்டிருந்ததால் வெறுங்காலோடு ஓடியிருந்தார். ஓடுகிற அவசரத்தில் சிந்தியிருந்த கறுப்புத் தண்ணீரை மிதித்துவிட்டார் போலிருக்கிறது. வெள்ளை அம்புக்குறி போட்டு 'வெளியே' என்று எழுதியிருந்த சரிவுப் பாதையில், அம்பை ஒட்டியே அவருடைய கறுப்புப் பாதச்சுவடுகள் வரிசையாக ஏறிப்போயிருந்தன. அவர் எங்களுக்குக் காட்டிய ஒரே சரியான வழி அது. அதிலும் ஒருவர் மண்டியிட்டு, ஒரு சுவட்டைக் கைக்குட்டையால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன். தணிக்கையாளர்தான்.

தங்கை அங்கேயே, மேடையிலேயே, பையைத் திறந்து மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். தொட்டித் தண்ணீர் அல்ல, பாட்டில் தண்ணீர். அண்ணனும் தங்கையுமாக அப்படியே மருத்துவமனைக்குப் போனார்கள். ரத்தத்தைப் பார்த்த மருத்துவர் திட்டித் தீர்த்துவிட்டார். தங்கை திட்டை முழுதாக வாங்கிக்கொண்டார். இன்னும் கொஞ்சம் தள்ளிப்போட்டிருந்தால் எலும்புக்குப் போயிருக்கும் என்றார்களாம். ஊசியும் கட்டுமாகப் பல வாரம் இழுத்தது. குதிகால் பிழைத்தது. நிஜமாகவே பிழைத்தது. காலையில் மூச்சுப் பயிற்சியை அவர் இன்னும் விடவில்லை. மனசுக்கு நன்றாக இருக்கிறது என்கிறார், செய்யட்டும். முடித்த கையோடு மாத்திரையும் போடுகிறார்.

அந்த அடித்தளம் அதிக நாள் காலியாக இல்லை. புதிய பலகை வந்துவிட்டது. இவர் வேறு குருஜி. இவரிடம் தண்ணீர் கறுக்காதாம், நீலமாக மாறுமாம். சரிவில் வரிசை இறங்கிக்கொண்டிருக்கிறது. பொறியாளரும் கல்லூரி ஆசிரியரும் முன்னாலேயே நிற்கிறார்கள்.

போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். தடுக்க நான் யார்? ஒன்றே ஒன்று மட்டும் செய்யுங்கள். காலை நனைப்பதற்கு முன்னால் வெறும் உறையை நனைத்துப் பாருங்கள். கண்ணை மூடச் சொன்னால், ஒரு கண்ணையாவது திறந்து வைத்திருங்கள்.